உச்சிமாகாளி மாமாவின் நாடி

இங்கன ஆளு வருதா அண்ணாச்சி? வரலைல்லா. அப்பம் நான் உக்காந்துக்கிடுதேன். நீங்க ஜன்னல் ஓரமாவே இருங்க, எனக்கு இந்த ஓரந்தான் வசதி. பையை மட்டும் உங்க காலுக்குக் கீழ தள்ளிக்கிடட்டுமா? இடிச்சாச் சொல்லிருங்க, மடியில வச்சிக்கிடுதேன். ஒண்ணுமில்ல, துணிமணிதான். மேல துணி, அடியில வேற சாமான். சவத்த விடுங்க.

எங்கன போறீய? கோவில்பட்டியா. நான் அதுக்கு முன்னாலயே இறங்கிருவேன், ஆலங்கிணறு விலக்குல, அந்த ஊருக்கு ரோடு பிரியுத இடத்துல. அங்க என் வீட்டுக்காரி நிப்பா. பிரம்மசக்தின்னு பேரு. அவ அம்மா வீடு அந்த ஊருதான். கோவிச்சிக்கிட்டுப் போயி உக்காந்திருக்கா, எங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச மறுநாளு போனவ. இப்பந்தான் ஒரு வழிக்கு வந்திருக்கா. நேத்து போன்ல சொன்னா, இந்த பஸ்ஸுல வாங்க, விலக்குல பெட்டியோட நிக்கேன், நீங்க இறங்குனா உங்க கூட வீட்டுக்கு வாறேன், இறங்கலன்னா இனிமே என்னைத் தேடாதீயன்னுட்டா. சொன்னா சொன்னதுதான் அவளுக்கு. அதோட ஒரு கண்டிசன் வேற. அந்த ஆரஞ்சுப் பை கையில இருக்கப்படாதாம். பையில்லாத புருசனா வந்து இறங்கணுமாம்.

அதான் ஜவுளிக்கடைப் பைக்குள்ள அதை வச்சி மேல ரெண்டு வேட்டியை மடிச்சிப் போட்டிருக்கேன். அவ கண்ணுக்கு ஆரஞ்சு தெரியாதுல்லா. பையில்லாம எப்படி அண்ணாச்சி ஒரு மனுசன் வாசப்படி தாண்டுவான்? வழியில யாருக்காவது ஒண்ணுன்னா? அவளுக்கே ஒண்ணுன்னா என்ன செய்வா?

உங்களுக்கு வேக்குது போல. அந்தக் கண்ணாடி திறக்காதா? இந்த வண்டியில அப்படித்தான், இறுகிக்கிட்டுன்னா டெப்போவுல கொண்டு போய்த்தான் திறப்பான். கைக்குட்டை இருக்குல்லா? தொடச்சிக்கிடுங்க.

நான் ரேடியோ கட்டுதவன். பலவேசம் சவுண்ட் சர்வீஸ்னு மேலச்செவக்காட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்க, சின்னப்பிள்ளையும் கையைப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்து விடும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சாவு விழுந்த துட்டி வீடு எல்லாத்துக்கும் நான்தான். கொழாய் ஸ்பீக்கரைக் கட்டி, மைக்கை ஊதிப் பாத்துக் குடுத்துட்டா என் சோலி முடிஞ்சுது. ஒரு ஓரமா உக்காந்து டீயைக் குடிச்சிக்கிட்டு இருக்கலாம். நிம்மதியான பொழப்பு, அதுல நானாப் போயி மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

நாலுவழிச் சாலை வந்த பொறவு எங்க ஊருக்கு முன்னால ஓயாம அடிபாடு. ஆம்புலன்ஸு வரணும்னா டவுன்லருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி வரணும். கேட்டு மூடியிருந்தா அவ்வளவுதான். அதுக்காவ டாக்டர்மாரு கொஞ்சம் பேரு சேவையா வந்து, பள்ளிக்கூடத்துல வச்சி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாவ. ரத்தம் வந்தா எங்க அமுக்கணும், முதுகு ஒடிஞ்சவனை எப்படித் தூக்கணும், நெஞ்சு நின்னுட்டுன்னா என்ன செய்யணும், எல்லாம். ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வச்சி அது நெஞ்சுல ஏறி அமுக்கச் சொன்னாவ. சம்பளமெல்லாம் கிடையாது பாத்துக்கிடுங்க, தொண்டுதான். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை, மருந்தும் கட்டுத்துணியும் போட்ட ஒரு ஆரஞ்சுப் பை. மொதல்ல கூட்டமாத்தான் சேந்தோம். பொறவு ஒருத்தன் திருப்பூருக்குப் போயிட்டான், ஒருத்தன் துபாய்க்குப் போயிட்டான், ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிட்டு. நான் ஒருத்தன் மாட்டிக்கிட்டேன்.

மாட்டிக்கிட்டேன்னுதான் சொல்லணும். தேளு கடிச்சா பலவேசம், கிறுகிறுன்னு வந்தா பலவேசம், பிள்ளை மூக்குல கடலைய ஏத்திக்கிட்டா பலவேசம். மாடு கன்னு போட முடியாம நின்னதுக்குக் கூப்பிட்டிருக்காவ, நானும் போயிருக்கேன். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து ஒழுங்காச் சாப்பிட்டு எத்தனையோ காலமாவுது. எலை போட்டு சோறு வச்சதும் எவனுக்காவது பொறை ஏறும். பொண்ணு வீட்டுக்காரன் என்னைப் பந்தல் வாசல்லயே உக்கார வச்சிருவான், ஓடுறதுக்கு வசதியா. யாரும் என்னை விடுறதே இல்ல அண்ணாச்சி. வேற ஆளு இருந்தாத்தானே.

அந்த டாக்டர்மாரு மறுபடி வந்தாவ, வந்தாவளா இல்லையான்னு கேட்டா வந்தாவ. புதுசா இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக் குடுக்கோம்னாவ. நான்தான் வேண்டாம்னு அனுப்பிட்டேன். புதுசா வாறவனுக்குக் கை பழகுறதுக்குள்ள ஆளு போயிருவான். நான் ஒருத்தன் இருக்கேன்ல, அது போதும்னு சொல்லிட்டேன். என் தலையெழுத்து, நான் ஒருத்தன்தான் கிடந்து சாவணும்.

ஆனா ஒண்ணு. இத்தனை பேருக்கு ஓடியிருக்கேன், நெஞ்சு நின்னு போனவங்களுக்கும் ஓடியிருக்கேன். நான் அமுக்கிக்கிட்டே இருப்பேன், கை ரெண்டும் செத்துப் போவும், ஆம்புலன்ஸுக்காரன் வந்து பாத்துட்டு என் தோளைத் தட்டுவான். தட்டுனான்னா போயிட்டாவன்னு அர்த்தம். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்காது. ஒவ்வொருத்தருக்கும் தட்டுதான். என் கையில திரும்பி வந்தது ஒரே ஒரு ஆளு. உச்சிமாகாளி மாமா.

மாமான்னா சொந்த மாமா இல்ல, முறைக்குக் கூப்பிடுதது. சேலை வியாபாரம். ஒரு பழைய மொபெட்டு, பின்னால அவியளை விட ஒசரமா ஒரு சேலை மூட்டை. சங்கரன்கோவில்லருந்து விளாத்திகுளம் வரைக்கும் அவிய போகாத ஊரு கிடையாது. எந்த ஊரு பொம்பளைக்கு எந்தக் கலரு எடுக்கும்னு மனசுலயே வச்சிருப்பாவ. இவளுக்குன்னு ஒரு பச்சைச் சேலை எடுத்து வச்சி, அடுத்த மாசம் குடு தாயின்னு போட்டுட்டுப் போயிருவாவ. என் வீட்டுக்காரி உடுத்துறது பாதி அவிய குடுத்ததுதான். ஒரு இடத்துல ஒரு பகல் முழுக்க அந்த மனுசன் இருந்து யாரும் பாத்ததில்ல.

அன்னைக்கு இசக்கி டீக்கடையில பெஞ்சில உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருந்தாவ. காலை வெயிலு. எதுக்களிக்குதுடே, வாயு மாதிரி இருக்குன்னாவ. பாக்கேன், தண்ணியை மோந்து தலையில ஊத்துன மாதிரி வேர்வை. மாமா, அசையாம உக்காருங்கன்னேன். போடே, உன் பொம்மை வித்தையை எங்கிட்டக் காட்டாதன்னு சிரிச்சாவ. சிரிச்ச வாயோடயே பெஞ்சிலருந்து சரிஞ்சிட்டாவ.

தரையில போட்டேன், நெஞ்சுல கையை வச்சேன், அமுக்குனேன். படக்குன்னு ஒரு சத்தம். விலா எலும்பு. இசக்கி கரண்டியைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டான். செல்லக்கனி அத்தை, மாமா பொண்டாட்டி, தெருவுலருந்து ஓடியாந்து எங்க வீட்டாளைக் கொல்லுதானே பாவின்னு என் முதுகுலயே அடிக்காவ. எலும்பு ஒடிஞ்சாலும் நிறுத்தாதன்னுதான் எங்களுக்குப் பாடம். நான் நிறுத்தலை. ஆம்புலன்ஸு வந்து மெசினை வச்சி ஒரு அதிர்ச்சி குடுத்தான். தோளைத் தட்டப் போறான்னு நான் குனிஞ்சிக்கிட்டே இருக்கேன். தட்டலை. மாமா கொளத்துல முங்கி எந்திரிச்சவன் மாதிரி மூச்சை இழுத்தாவ. நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. என் கல்யாணத்தன்னைக்குக் கூட எனக்கு அப்படிச் சந்தோசம் இருந்ததில்ல. இதைப் பிரம்மசக்திகிட்டச் சொல்லிருக்கப்படாது, சொல்லிட்டேன்.

மாமா பொழைச்சி ஊருக்கு வந்த பொறவு கோயில் முன்னால கூட்டம் போட்டு எனக்கு ஒரு சால்வை போத்துனாவ. என் மைக்குத்தான், நான் கட்டுன கொழாய்தான். அதுல மாமா சொன்னாவ, இது பலவேசம் குடுத்த உசுருன்னு. ஊரே கை தட்டுச்சு. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் வசமா மாட்டுனேன்.

பொறுப்பு வந்துட்டுல்லா. காலையில எந்திரிச்சதும் மொத வேலை மாமா வீட்டுக்குப் போயி நாடி பாக்குதது. அவிய பாயிலருந்து எந்திரிச்சிருக்க மாட்டாவ. மாமா கையை நீட்டுங்கன்னா நீட்டுவாவ, மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிடுவாவ. கூச்ச சுபாவம். அத்தை அடுப்படிக்குப் போயிருவாவ. டீ போடத்தான் போறாவன்னு நெனப்பேன், டீ வராது. வயசாச்சு, மறதி.

டாக்டரு என்னமோ நடக்கலாம், கொஞ்ச நாள் போனா வண்டி ஓட்டலாம், வியாபாரத்துக்குப் போகலாம்னு சொன்னாராம். டாக்டருக்கென்ன, அவரு டவுன்ல இருக்காரு. வழியில ஒண்ணுன்னா ஓடுதவன் யாரு? நான் மொபெட்டு பிளக்கைக் கழத்தி வச்சிக்கிட்டேன். மாமா வீடு முழுக்கத் தேடுனாவ. நானும் கூடச் சேந்து தேடுனேன், பாவமா இருந்திச்சு. இசக்கிகிட்ட இனிமே அவியளுக்கு வடை குடுத்தியோ கடையில கொழாய் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அத்தைகிட்ட ஊறுகாய்ப் பரணியை வாங்கிட்டு வந்துட்டேன். மாமா வேப்பமரத்தடியில போயி உக்காந்தா நானும் பக்கத்துல உக்காந்துக்கிடுவேன். எந்திரிச்சி அம்மன் கோயிலுக்குப் போனா நானும் போவேன். ஒரு நா பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டாவ, ஒரு மூட்டை சேலையோட. நான் கண்டக்டர்கிட்டப் போயி, இவிய நெஞ்சு நின்னு பொழைச்ச ஆளு, வழியில ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்னேன். அவரு பயந்துக்கிட்டு மூட்டையை எடுத்து வெளிய வச்சிட்டாரு. மாமா இறங்கும்போது என்னைப் பாக்கவே இல்ல. மூட்டையை நான்தான் தலையில வச்சிக் கொண்டு போனேன், கனம் தூக்கப்படாதுல்லா அவிய.

இத்தனைக்கும் என் கொழுந்தியா புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு நான் போகலை. பிரம்மசக்தி மட்டும் போனா. குத்தாலத்துக்குச் சாரல்ல போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அதுவும் போகலை. எப்படிப் போவேன்? நான் அந்தப் பக்கம் போவேன், இந்தப் பக்கம் அவியளுக்கு ஒண்ணு ஆயிரும். அந்த மனுசன் என்னை ஒரு எட்டு நகர விடலை அண்ணாச்சி, அதான் உண்மை.

ஒரு நாளு நாடி பாக்கும்போது கேட்டாவ. ஏ பலவேசம், என் உசுரை மீட்டுக் குடுத்தே. சரி. அதை எங்கையில குடுத்துருடே, நீயே வச்சிருக்கியேன்னாவ. நோய் கண்டவன் அப்படித்தான் ஏறுக்கு மாறாப் பேசுவான். நான் நாடி எண்ணிக்கை தப்பிரக் கூடாதேன்னு விரலை எடுக்காம எண்ணுனேன்.

என்ன நெஞ்சைத் தடவுதீய? சட்டைப் பாக்கெட்டா. சரி சரி. பின்னால சீட்டு காலியா இருக்குன்னு பாக்குதீயளோ? அங்க வெயிலு நேரா அடிக்கும், இங்கனயே இருங்க. இன்னும் கேளுங்க, முக்கியமானதே இனிமேதான் வருது.

பகல்ல பாத்துக்கிடுதேன், சரி. படுத்த பொறவு என்ன செய்ய? என் வீட்டுக்கும் அவிய வீட்டுக்கும் நடுவுல ரெண்டு வீடு. நான் இங்க கண்ணை மூடுனா அங்க மூச்சு நின்னுட்டா யாருக்குத் தெரியும்? யோசிச்சிப் பாத்தேன். நம்ம தொழில்லயே வழி இருக்கும்போது எதுக்கு முழிச்சிக்கிட்டுக் கிடக்கணும்? அத்தைகிட்ட ஒரு லைட்டு மாட்டித் தாறேன்னு சொல்லிட்டுப் போயி, அலமாரி மேல, பழைய கோயில் படத்துக்குப் பின்னால ஒரு சின்ன மைக்கை வச்சேன். ஓட்டு மேலயே வயரைக் கொண்டாந்து என் கடையில இருக்கிற ஆம்ப்ளிபயர் மெசின்ல சொருகி, அங்கருந்து ஒரு குட்டி ஸ்பீக்கரு என் தலைமாட்டுக்கு. லைட்டும் மாட்டுனேன், பொய் சொல்லலை.

அருமையாக் கேட்டுச்சு அண்ணாச்சி. மூச்சு ஏறுறது, இறங்குறது, நடுவுல ஒரு கொறட்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நான் பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்குனேன். புருசன் பொண்டாட்டி சொந்தப் பேச்சு ஏதும் வந்தா சத்தத்தைக் குறைச்சிருவேன். ரொம்பக் குறைக்க முடியாது, மூச்சு கேக்கணும்ல.

பிரம்மசக்திக்கு ஆகலை. ஊரான் கொறட்டையை நான் எதுக்குக் கேக்கணும்னு பாயைத் தூக்கிக்கிட்டு அடுப்படியில போயிப் படுத்தா. ஒரு நா எந்திரிச்சி வந்து என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, எனக்கு மூச்சு இருக்கான்னு நீங்க எப்பமாவது கேட்டிருக்கீயளான்னா. உனக்கென்னட்டி, நீ நல்லாத்தானே நிக்கன்னேன். அவளுக்கு நாடி கல்லு மாதிரி இருக்கும், நான் பாத்திருக்கேன். அதுக்கு எதுக்கு அழணும்? அழுதா.

இப்பம் கொடைக்கு வாறேன். எங்க அம்மன் கோயில் கொடைக்கு வருசா வருசம் நான்தான் ரேடியோ. கடையும் கோயிலுக்கு எதிர்த்தாப்புலதான். கடையில மெசினை வச்சே ஊரைச் சுத்திக் கொழாய் கட்டிருவேன். மாமா வீட்டு வயரும் அந்த மெசின்லதான் கிடந்துது. கொடைன்னு அதைக் கழத்த முடியுமா? அன்னைக்குத்தானே சத்தமும் கூட்டமும், அவியளுக்குப் படபடப்பு வரும். அதனால விட்டு வச்சேன், நடுவுல நடுவுல காதுல மாட்டிக் கேட்டுக்கிடலாம்னு. அந்தச் சத்தத்துல நாமதான் கவனமா இருக்கணும்.

மத்தியானக் கொடை. மேளம் வெளுத்து வாங்குது, சாமியாடுதவரு மஞ்சத் தண்ணியில நனைஞ்சி நிக்காரு. தீவாரணை காட்டப் போறோம், பாட்டை நிறுத்துன்னு பூசாரி எனக்குச் சைகை காட்டுனாரு. நான் பாட்டை நிறுத்துனேன். மேளக்காரனும் நிறுத்திட்டான். ஊரே கையைக் கூப்பிக்கிட்டு நிக்கி. எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புனேனோ, அது இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. எல்லாக் கொழாய்லயும் உச்சிமாகாளி மாமா பேசுதாவ.

ஏ கனி, எனக்கு இந்தச் சீவன் வேண்டாம்டி, அங்கன வடைக்கடையிலயே போயிருக்கலாம்ங்காவ. கோயில் கோபுரத்துக் கொழாய்லயும் அதே, பள்ளிக்கூடத்துக் கொழாய்லயும் அதே. செத்திருந்தா நீ ஒரு தடவை அழுதுட்டு இருந்திருப்ப. இவன் தினமும் காலையில வந்து நான் செத்துட்டேனான்னு பாக்கான்டி. நான் ஓடித் திரிஞ்ச மனுசன், என்னைக் கட்டிப் போட்ட கெடா மாதிரி வச்சிருக்கான்ங்காவ.

அதுக்கு அத்தை, மெல்லப் பேசுங்க, அவன் காதுல விழுந்துரப் போவுதுங்காவ.

பூசாரி கையில சூடம் எரியுது. வெளிய கேக்குதது இன்னும் புரியாம மாமா அடுத்துச் சொன்னாவ, அவன் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்குடின்னு.

கேட்டியளா? நெஞ்சு அடைக்குன்னு அவிய வாயாலயே வந்துட்டு. நான் இத்தனை நாளு பயந்துக்கிட்டு இருந்தது இதுக்குத்தானே. போட்டது போட்டபடி பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். கூட்டம் எனக்கு ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுச்சு. எல்லாரும் என்னையே பாக்காவ. ஒருத்தன் கூட உதவிக்கு வரலை பாத்துக்கிடுங்க. ஒரு உசுரு விசயம், இப்படியா நிப்பாவ? பிரம்மசக்தி மட்டும் வந்து என் கையைப் பிடிச்சா, ஏங்க போவாதீய, தயவுசெஞ்சி போவாதீயன்னு. உதறிட்டு ஓடுனேன். அவ கீழ விழுந்தான்னு பொறவு சொன்னாவ, நான் பாக்கலை.

உள்ள போனா மாமா கட்டில்ல உக்காந்திருக்காவ. நல்லாத்தான் இருக்காவ. தான் பேசுனது வெளிய கொழாய்ல கேட்டுச்சுல்லா, அந்தச் சத்தம் வந்த தடத்தைக் கண்ணாலயே தேடுதாவ. லைட்டு, லைட்டுலருந்து வயரு, வயருலருந்து படம். எந்திரிச்சிப் போயி படத்தைத் தள்ளி அந்த மைக்கை எடுத்தாவ. திட்டுனா நான் தாங்கிருப்பேன். திட்டலை. வயரைப் பிடுங்கிச் சுத்தி, ஒரு சேலையை மடிச்சிக் குடுக்குத மாதிரி ரெண்டு கையாலயும் எங்கிட்டக் குடுத்தாவ. போடே பலவேசம்னாவ. அவ்வளவுதான். நான் நாடி பாக்கேன்னு கையை நீட்டுனேன், அவிய ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாவ.

மறுநாள் காலையில நான் போறேன், வீடு பூட்டிக் கிடக்கு. மொபெட்டும் இல்ல, சேலை மூட்டையும் இல்ல, அத்தையும் இல்ல. எவனோ பக்கத்து ஊரு மெக்கானிக்கு புது பிளக்கு போட்டுக் குடுத்திருக்கான், படுபாவி. மாமாவோட மக வீட்டுக்குப் போன் போட்டா, நம்பரு தப்புன்னு மக குரல்லயே சொல்லி வைக்கி. அன்னைக்கு வெயிலு ஏறுன பொறவு வீட்டுக்குத் திரும்பி வாறேன், பிரம்மசக்தியும் இல்ல. ஸ்பீக்கரை மட்டும் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டுப் போயிருக்கா.

மாமாவைப் பாத்தவங்க இருக்காவ. புளியங்குடிப் பக்கம் தெருத்தெருவா சேலை விக்காவளாம். மூட்டை முன்ன விட ஒசரமாம். டீக்கடையில நின்னு வடை தின்னாவளாம். நல்லாத்தான் இருக்காவன்னு சொல்லுதாவ. நல்லாத்தான் இருப்பாவ, எத்தனை நாளைக்கு? நான் இல்லாம எத்தனை நாளைக்கு நல்லா இருந்துருவாவ? ரெண்டு தடவை புளியங்குடிக்குப் போயித் தேடிட்டேன். நமக்கு வேற வேலை இல்லையா அண்ணாச்சி, ஆனா அவிய என்னை விட்டாத்தானே.

இப்பம் ஊர்லருந்து போன் வாறதில்ல. ஊரு நல்லா இருக்குன்னு அர்த்தம். யாரு வீட்டுக்குள்ள நான் போனாலும் மொதல்ல அலமாரியைப் பாக்காவ, பொறவு என்னைப் பாக்காவ, பேச்சைக் குறைச்சிக்கிடுதாவ. பள்ளிக்கூடத்துல அந்த ரப்பர் பொம்மை மறுபடி வந்து இறங்கியிருக்குன்னு கேள்வி. ஊர்க்காரங்களே கடுதாசி போட்டு அந்த டாக்டர்மாரை வரச் சொல்லிருக்காவ, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. மொத வகுப்புக்கு என் கொழாயைக் கூட வாடகைக்கு எடுக்கலை. பொம்மையில அமுக்கிப் படிக்கட்டும். பொம்மைக்கு எலும்பு ஒடியுமா? பொம்மை மூச்சை இழுக்குமா? அந்த மூச்சை என் கையில வாங்குனவன் நான் ஒருத்தன்தான்.

சரி, விடுங்க. இனிமே எல்லாத்தையும் விட்டுரப் போறேன். அதுக்குத்தான் இந்த பஸ்ஸுல வாறேன். அவளைக் கூட்டிக்கிட்டு, நேரே குத்தாலத்துக்குப் போயி நாலு நாளு அருவியில நிக்கணும். சாரல் முடிஞ்சிருக்கும், பரவாயில்ல. பேசாம ரேடியோ கட்டிக்கிட்டுக் கெடப்போம். பையை வேணும்னா பரண்ல போட்டுருதேன். அவ இல்லாம வீட்டுல ஒரு சத்தம் கிடையாது அண்ணாச்சி. மூச்சுச் சத்தம் கூட இல்லாத வீட்டுல படுத்துப் பாருங்க, தெரியும். எனக்கு அவ வேணும்.

அந்தப் பாலம் வந்துட்டு. பாலம் தாண்டுனா விலக்குதான்.

ஏன் அண்ணாச்சி எந்திரிக்கீய? கோவில்பட்டி இன்னும் வரலையே. சும்மா பின்னால போயி உக்காருதீயளா? என்ன இப்படி வேக்குது உங்களுக்கு, சட்டையெல்லாம் ஒட்டிக்கிட்டே. கண்ணாடி திறக்கலைன்னு சொல்லுதீய. எனக்கு வேக்கலையே. நானும் இதே பஸ்ஸுலதானே இருக்கேன்.

காலையில என்ன சாப்பிட்டிய? வடையா.

எதுக்களிக்குதா? கொஞ்சமா. கொஞ்சம்னா எப்படி, நெஞ்சுக்கு நேராவா, தொண்டையிலயா? ஒண்ணுமில்லன்னு சொல்லாதீய. ஒண்ணுமில்லன்னுதான் மாமாவும் சொன்னாவ, சிரிச்சிக்கிட்டே சொன்னாவ. மூஞ்சி வெளுத்திருக்கு. நான் அப்பமே பாத்தேன், ஏறி உக்காந்ததுமே பாத்தேன், சொன்னாப் பயந்துக்கிடுவீயன்னு சொல்லலை. உக்காருங்க. உக்காருங்க அண்ணாச்சி. கையை நீட்டுங்க.

விலக்குதான், தெரியுது. கண்டக்டரு கூப்பிடுதது காதுல விழுது. நீங்க கையை இழுக்காதீய.

அந்தா நிக்கா பாருங்க. புளியமரத்தடியில, பச்சைச் சேலை. மாமா குடுத்த சேலைதான் அது, என்ன கலரு எடுத்துக் குடுத்திருக்காவ பாத்தியளா. பெட்டியைக் கையிலயே வச்சிருக்கா, கீழ கூட வைக்கலை. தலைக்குப் பூ வச்சிருக்கா. படிக்கட்டைத்தான் பாக்குதா, ஒவ்வொரு ஆளா இறங்க இறங்கப் பாக்குதா. நல்லாத்தான் இருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆவாது.

உங்களுக்குத்தான் நாடி ஓட்டம் பிடிச்சி ஓடுது. நான் கையைப் பிடிச்சதுனாலன்னு சொல்லுதீய, எல்லாரும் அதைத்தான் சொல்லுதாவ. கண்டக்டரு, ரைட்டு குடுங்க, நான் இறங்கலை. இங்க ஒரு ஆளுக்கு முடியலை.

பாத்துட்டா. ஜன்னல்ல என்னைப் பாத்துட்டா. பையையும் பாத்திருப்பாளோ, வேட்டி சரிஞ்சி ஆரஞ்சு வெளிய தெரியுதே. நீங்க அவளைப் பாக்காதீய அண்ணாச்சி, தலையைத் திருப்புனா எண்ணிக்கை தப்பிரும். என்ன செய்யச் சொல்லுதீய? நானா வேணும்னு செய்யுதேன்? யாராவது என்னை விட்டாத்தானே.

வண்டி எடுத்துட்டான். இனிமே பயம் இல்ல, கோவில்பட்டி வரைக்கும் நான் கூடவே வாறேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி உங்களைத் தனியா விட்டுட்டுப் போயிருவேன்னு நெனைக்காதீய. வீடு எந்தத் தெருவுல?